நீர்வண்ணத்தில் நின்ற சிற்றூர்

பிறந்த ஊரை விட்டுத் தொலைவில் வாழ்வோர் அவ்வூரை நினைக்குங்கால், கூரையின் ஒழுக்கு நினைவில் எழுவதில்லை. முற்றத்துப் பூவே முன்வந்து நிற்கிறது. இம்மனநிலையை அறிந்த நாம், ஆங்கில ஓவியர் ஹெலன் அலிங்காமின் (1848–1926) நீர்வண்ண ஓவியங்களை எளிதில் கடந்து செல்ல இயலாது.

1881இல் லண்டனை நீங்கிச் சர்ரே மாவட்டத்து விட்லிக்கு அருகே குடியேறிய இவ்வம்மையார், சுற்றுப்புறக் குடில்களை நேரில் இருந்து தீட்டினார். செங்கற் சுவர், பாசி படர்ந்த கூரை, வேலியோரப் பூஞ்செடிகள், வெள்ளை ஏப்ரன் அணிந்து வாயிலில் நிற்கும் பெண், அருகே குழந்தை. இவையே மீண்டும் மீண்டும் வரும் காட்சிகள். தாளின் வெண்மை வண்ணத்தினூடே ஒளியாய்க் கசிகிறது. ஓடு ஒவ்வொன்றும் தனித்தனியே முதுமை எய்தியதோ என வியக்கிறோம். 1890இல் அரச நீர்வண்ண ஓவியர் சங்கத்தின் முழு உறுப்பினராகிய முதற்பெண் என்னும் பெருமை இவருக்கு உரியது.

ஆயின் அவ்வோவியங்களின் அமைதி எத்தகையது? 1870களின் பிற்பகுதியில் அமெரிக்கத் தானியம் மலிவாய் வந்து குவிய, ஆங்கில உழவு நொடித்தது. கூலியாட்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். பழங்குடில்கள் சில இடிந்தன. சில செல்வர் கைக்கு மாறி உருத் திரிந்தன. 1886இல் லண்டன் ஃபைன் ஆர்ட் சொசைட்டியில் இவர்தம் சர்ரே குடில்கள் காட்சிக்கு வந்தபோது, நகரத்தார் கண்டது மறைந்துகொண்டிருந்த ஊரையே. புதிதாய் மாற்றப்பட்ட சன்னலைக் கண்டால், ஈயப் பட்டையில் சிறு கண்ணாடிகள் கோத்த பழைய சன்னலை ஓவியத்தில் மீண்டும் பொருத்துவார் இவர்.

இது பொய் என்பாரை நாம் ஒப்புவதற்கில்லை. இழந்ததை மீட்டு வைத்தலும் ஒருவகைச் சான்றே. நம் குறை வேறு. வாயிலில் நிற்கும் பெண்ணின் முகத்தில் உழைப்பின் சோர்வு இல்லை. ஈரச் சுவரும் வெறும் அடுப்பும் படத்தில் இல்லை. 1874இல் தாமஸ் ஹார்டியின் நாட்டுப்புற நாவலுக்குப் படம் வரைந்தவர் சிற்றூர் வாழ்வை அறியாதவர் அல்லர். வீட்டுக்கு நீதி செய்தவர் வீட்டாருக்கு அதனைச் செய்தாரில்லை.

நம் பிள்ளைகளுக்கு ஊரைப் பற்றிச் சொல்லும்போது நாமும் பழைய சன்னலையே பொருத்துகிறோம். அதனால் தீங்கில்லை. அச்சன்னலுக்கு உள்ளே இருந்தோரின் பசியையும், நாம் புறப்பட்ட காரணத்தையும் உடன் சொல்லுதல் வேண்டும். அன்றேல் நாம் தருவது ஊரன்று. ஊரின் அழகிய ஓவியமே.