இத்தனை காலம் ஏன் வாய் திறக்கவில்லை?

பெரிய மனிதர் ஒருவர் மீது, அவரிடம் வேலை பார்த்த பெண் குற்றம் சாட்டினால், நம் மக்கள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “இத்தனை காலம் ஏன் வாய் திறக்கவில்லை?” நடந்தது என்ன, அதற்குச் சான்று யாது என்னும் கேள்விகள் பின்னரே வரும்; பல வேளைகளில் வருவதே இல்லை. இந்தக் கேள்வியைத்தான் நாம் இங்கே ஆராய விரும்புகிறோம்.

எம். ஜே. அக்பர் என்னும் பெயர் நம் வாசகர்களுக்குப் புதிதன்று. 1976இல் ‘சண்டே’, 1982இல் ‘டெலிகிராஃப்’, 1994இல் ‘ஏஷியன் ஏஜ்’ என அடுத்தடுத்து ஆங்கில ஏடுகளைத் தொடங்கி நடத்தியவர். நேருவின் வரலாற்றை எழுதியவர். ஆங்கிலப் பத்திரிகை உலகில் ஒரு முஸ்லிம் இவ்வளவு உயரம் தொட்டாரே என்று நம்மில் பலர் பெருமிதம் கொண்டதுண்டு. அவர் வெளியுறவுத் துறை இணையமைச்சராக இருந்த 2018 அக்டோபரில், பிரியா ரமணி என்னும் பத்திரிகையாளர் அவர் பெயரைப் பொதுவில் சொன்னார். 1993 டிசம்பரில், வேலைக்கான நேர்காணலுக்கு மும்பை விடுதி ஒன்றுக்குச் சென்றபோது அவர் தம்மிடம் தகாதவாறு நடந்துகொண்டார் என்பது குற்றச்சாட்டு. முந்தைய ஆண்டிலேயே, பெயர் சொல்லாமல், ஓர் ஏட்டில் அவர் அதை எழுதியிருந்தார்.

அக்பர் யாவற்றையும் மறுத்தார். அக்டோபர் 15ஆம் நாள் பிரியா ரமணி மீது குற்றவியல் அவதூறு வழக்குத் தொடுத்தார். 17ஆம் நாள் பதவி விலகினார். அவரது ஏட்டில் பணியாற்றிய பெண்கள் பலர் ரமணிக்குத் துணைநின்றனர். தமக்கும் அங்கே துன்பம் நேர்ந்ததாக விரிவாக எழுதிய கஸாலா வஹாப், நீதிமன்றத்திலும் சாட்சி சொன்னார். 2021 பிப்ரவரி 17 அன்று தில்லி நீதிமன்றம் ரமணியை விடுதலை செய்தது. பல்லாண்டுகள் கழிந்த பின்னும், தான் விரும்பும் எந்த மேடையிலும், ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். அக்பரின் மேல்முறையீட்டை 2022 ஜனவரியில் தில்லி உயர்நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. ஆகவே, அறைக்குள் நடந்தது பற்றித் தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. நாம் பேச வந்தது அறைக்கு வெளியே நின்றவர்களைப் பற்றி.

1993இல் அந்த இளம்பெண் யாரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும்? ஆசிரியரைப் பற்றி ஆசிரியரிடமேயா? பணியிடத்தில் பெண்ணுக்கு நேரும் இத்தகைய துன்பத்திற்கு அன்று தனிச் சட்டமில்லை, குழுவில்லை. உச்சநீதிமன்றத்தின் ‘விசாகா’ தீர்ப்பு 1997 ஆகஸ்டில்தான் வந்தது. சட்டம் வருவதற்கு 2013 ஆயிற்று. அந்த விசாகா தீர்ப்புக்கு வித்தானவர் ராஜஸ்தானத்துக் கிராமப் பணியாளர் பன்வாரி தேவி. குழந்தைத் திருமணம் ஒன்றைத் தடுக்க முயன்றதற்காக 1992இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானதாக முறையிட்டவர். அவர் காலம் கடத்தவில்லை. உடனே காவல் நிலையம் சென்றார். 1995இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை வன்கொடுமைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. உடனே பேசியவருக்குக் கிடைத்தது அது! தாமதித்தவளிடம் “ஏன் தாமதித்தாய்?” என்கிறோம், தாமதிக்காதவளிடம் என்ன கேட்டோம்?

தமிழ்நாட்டிலும் இதே காட்சிதான். அதே அக்டோபரில் பாடகி சின்மயி, கவிஞர் வைரமுத்து மீது குற்றம் சாட்டினார். கவிஞர் மறுத்தார். நம்மவர்கள் சின்மயியிடம் கேட்டவை என்ன? பல ஆண்டுகளுக்கு முந்தியதை இப்போது ஏன் சொல்கிறாய்? உன் திருமணத்திற்கு அவரை ஏன் அழைத்தாய்? அடுத்த மாதமே பின்னணிக் குரல் கலைஞர் சங்கத்திலிருந்து அவர் நீக்கப்பட்டார். சந்தா கட்டவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். 2021இல் கேரளத்தின் ஓ. என். வி. விருது கவிஞருக்கு அறிவிக்கப்பட்டபோது அங்கே எதிர்ப்பு எழுந்தது. தேர்வை மறுபரிசீலனை செய்வதாக விருதுக் குழு சொல்ல, விருதே வேண்டாமெனக் கவிஞர் விலகினார். இங்கே நம் இலக்கிய நண்பர்கள் சொன்னதோ வேறு: “இத்தனை அழகாக எழுதுகிறவரா அப்படிச் செய்வார்?”

இந்த வாதம் இலக்கிய ஏடு ஒன்றில் எழுதும் நம்மைச் சுடுகிறது. நல்ல நடைக்கும் நல்லொழுக்கத்திற்கும் நாம் ஒரே சான்றிதழை வழங்கிப் பழகிவிட்டோம். எழுத்தழகு குற்றத்திற்குச் சான்றாகாததுபோலவே, குற்றமின்மைக்கும் சான்றாகாது.

யூசுப் நபியின் வரலாற்றை நாம் அறிவோம். சாரண பாஸ்கரன் அதைத் தமிழில் காப்பியமாகவே பாடியிருக்கிறார். அங்கே அதிகாரம் உடையவர் வீட்டுத் தலைவி. அதிகாரமற்றவர் அவ்வீட்டில் அடிமையாயிருந்த இளைஞர். கதவருகே முந்திக்கொண்டு பழி சொன்னவர் அதிகாரம் உடையவரே. பொய்ப்பழியும் உலகில் உண்டு என்பதற்கு இதுவே சான்று, மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே உண்மையை உரைக்க முன்வந்தவர் யாருடைய அந்தஸ்தையும் பார்க்கச் சொல்லவில்லை. சட்டை முன்புறம் கிழிந்திருக்கிறதா, பின்புறம் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். ஊர்ப் பெண்கள் வம்பு பேசினார்கள். உண்மை தெரிந்த பின்னும் சிறைக்குப் போனவர் எளியவரே. சட்டையைப் பார்க்கும் கண் நமக்கு வேண்டாமா? நாமோ ஊராரைப்போல வம்போடு நின்றுவிடுகிறோம்.

அடி அண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு தில்லி வழக்கையும் சென்னைச் சண்டையையும் எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். மலையைச் சுற்றிவரும் பதினான்கு கிலோமீட்டர்ப் பாதை நம் ஊர் வழியே போகிறது. பௌர்ணமிதோறும் உலகமே நம் வாசலைக் கடந்து செல்கிறது. பாதையோரத் தேநீர்க்கடைப் பலகைகளில் அவ்வாண்டு இப்பேச்சு அடிபடாமலில்லை. நாம் கவனித்தது ஒன்று: பேச்சு பத்திரிகை ஆசிரியரில் தொடங்கும், கவிஞரில் வளரும், முடியும்போது பேசுகிறவரின் சொந்த மகள் தலையில் வந்து விழும். “இதற்குத்தான் பெண் பிள்ளையை வேலைக்கு அனுப்பக் கூடாது என்பது!” நம் இல்லங்களிலும் இதே தீர்ப்புத்தான். குற்றம் சாட்டப்பட்டவர் யாரோ. தண்டனை பெறுகிறவள் பத்திரிகைப் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கும் நம் வீட்டுப் பெண்.

அவள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். அத்தா சொன்னதும் அவள் காதில் விழுகிறது, அண்ணன் சொன்னதும் விழுகிறது. நாளை அலுவலகத்தில் ஒருவன் முறைகேடாக நடந்துகொண்டால் அவள் என்ன செய்வாள்? வீட்டில் சொன்னால் வேலை போகும்; ஒருவேளை அவசரமாக ஒரு சம்பந்தமும் பேசப்படும். ஆகவே சொல்லமாட்டாள். இருபது ஆண்டுகள் கழித்து அவள் சொல்ல நேர்ந்தால், தேநீர்க்கடையில் யாரோ ஒருவர் கேட்பார், இத்தனை காலம் ஏன் வாய் திறக்கவில்லை என்று. அந்த வாயை மூடியதில் நம் வீட்டுக் கூடத்திற்கும் பங்கில்லையா?

2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் இடங்களில் விசாரணைக் குழு இருந்தாக வேண்டும். அதற்குக் குறைந்த சிறு கடை, சிறு அச்சகம் முதலியவற்றில் வேலை செய்யும் பெண் மாவட்ட அளவிலான குழுவிடம் முறையிடலாம். திருவண்ணாமலை மாவட்டத்துக்கும் இது பொருந்தும். முறையிடக் காலவரம்பு மூன்று மாதம். தக்க காரணமிருந்தால் மேலும் மூன்று மாதம். “உம்மாவிடம் சொல்லலாமா, வேண்டாமா?” என்று ஒரு பெண் தனக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் நாட்களும் அந்த மூன்று மாதத்திலேதான் கழிகின்றன.