சிந்தாமணியை முற்றக் கற்றல்

சீவக சிந்தாமணியைத் தொட்டவர் பலர். முத்தியிலம்பகம் வரை சென்றவர் சிலரே. முதுகலை மாணவர் பெரும்பாலும் பாடமாக அமைந்த இலம்பகம் ஒன்றோடு நின்றுவிடுகின்றனர். 'மணநூல்' என்னும் பெயரைச் சுட்டி, இந்நூல் காமச்சுவை ஒன்றே மிக்கது என முடிவு கூறுவாரும் இடையில் நின்றவரே என்பது என் கருத்து.

நூலின் அளவு 13 இலம்பகம், 3145 செய்யுள். நாளொன்றுக்குப் பத்துச் செய்யுளாகக் கற்பினும் ஓராண்டிற்குள் முற்றும். ஆகவே தடை அளவில் இல்லை. நாமகளிலம்பகத் தொடக்கத்தில் ஏமாங்கத நாட்டு வளமும் இராசமாபுரத்துச் சிறப்பும் விரிகின்றன. கதை தொடங்குமுன்னரே கற்பார் சோர்வுறுவது ஆண்டுத்தான். முதன்முறை கற்குங்கால் அப்பகுதியை விடுத்துச் சச்சந்தன் வரலாற்றிற் புகுதல் குற்றமன்று. மயிற்பொறியேறிப் போந்த விசயை சுடுகாட்டில் மகனைப் பெறும் இடத்தை எய்தியவர் நூலைக் கீழே வைத்தல் அரிது.

உரை பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். நச்சினார்க்கினியர் உரையின்றி இந்நூலின் நுட்பம் விளங்காது. ஆயினும் அவர் பல செய்யுட்களின் சொற்களைப் பிரித்தெடுத்து ஒரு தொடராகக் கூட்டிப் பொருள்கொள்ளும் இயல்பினர். செய்யுள்தோறும் உரையின்வழியே செல்லும் மாணவர் கதையின் போக்கை இழந்து, பத்துச் செய்யுளுக்குள் களைத்துவிடுவர். எனவே முதலில் சொற்கிடக்கைக்கேற்பத் தாமே பொருள்கண்டு இலம்பகத்தை முடிக்க. பின்னர் உரையொடு ஒப்பிடுக. தம் பொருளும் உரையாசிரியர் பொருளும் வேறுபடும் இடங்களே ஆராய்ச்சிக்குரியன.

தனியே கற்றலினும் சிலர் கூடிக் கற்றல் நன்று. 1880இல் சேலம் இராமசுவாமி முதலியார் தூண்டுதலால் இந்நூலிற் புகுந்த உ. வே. சாமிநாதையர், பெரும்புலமை வாய்ந்தவராயிருந்தும், சமண சமயக் கருத்துக்கள் விளங்காதவிடத்துக் கும்பகோணத்துச் சமணரை நாடிக் கேட்டுத் தெளிந்தார். 1887இல் நூலைப் பதிப்பித்தார். அகராதி தர இயலாத விளக்கத்தை அச்சமயத்தார் வாய்ச்சொல் தந்தது.

இனி, முத்தியிலம்பகத்திற் கடுவன் மந்திக்கு அளித்த பலாப்பழத்தைக் காவலன் பறித்துக்கொள்ளும் காட்சி வருகின்றது. பழத்தை இழந்த குரங்கிற் கட்டியங்காரனையும் பறித்தவனிடத்துத் தன்னையும் கண்டு சீவகன் துறவுள்ளம் கொள்கின்றான். பகைவனை வென்று மீட்ட அரசும் பறித்த பழமாகவே அவனுக்குத் தோன்றுகின்றது. இதனைக் கற்றபின் முன்பு விடுத்த ஏமாங்கத வருணனைக்கு மீள்க. அவ்வளம் அனைத்தும் சீவகன் துறந்த பொருள் என்பது அப்பொழுதே புலனாகும். முதன்முறை சோர்வளித்த செய்யுட்கள் இரண்டாம் முறை விரைந்து செல்லும்.