ஒரு கல்லூரி, இரண்டு புத்தகங்கள்

தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானோர் கையில் எடுத்துப் புரட்டியும், இதுவரை யாருமே விமர்சனம் எழுதாத புத்தக வகை ஒன்று உண்டு. பொறியியல் கல்லூரி புராஸ்பெக்டஸ். கவிதைத் தொகுப்பு முந்நூறு பிரதி விற்கவே மூச்சு வாங்குகிற நாட்டில் இது வீடு தேடி வருகிறது. வழவழ தாள், நாலு கலர். பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்திலிருந்து குடும்பம் மொத்தமும் உட்கார்ந்து படிக்கிறது. படித்துவிட்டு ஒரு பிள்ளையின் நாலு வருஷத்தை எடுத்துக் கொடுக்கிறது. பல வீடுகளில் கூடவே ஊர்ப்பக்கம் இருக்கிற மனையும், அம்மாவின் வளையலும் போகின்றன. இவ்வளவு விலை கொடுத்து வாங்குகிற புத்தகத்தை ஒருத்தராவது ஒழுங்காக விமர்சனம் பண்ண வேண்டாமா?

நண்பர் ஒருவர் தன் பெண்ணுக்காகச் சேர்த்து வைத்திருந்த ஒன்பது புராஸ்பெக்டஸ்களை வாங்கி வந்து வரிசையாகப் படித்தேன். பெயர்களைச் சொல்லப் போவதில்லை. சொல்லியும் பிரயோஜனமில்லை. அட்டைகளைக் கழற்றி மாற்றி ஒட்டினால் கல்லூரிக்காரர்களுக்கே வித்தியாசம் தெரியாது.

முதலில் அட்டை. பச்சைப் புல்வெளி. இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள், நடுவில் ஒரு லேப்டாப். நாலு பேரும் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நம் ஊர் வெயிலில் புல்வெளியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தால் திரையில் ஒரு எழுத்து தெரியாது என்பது ஒரு பக்கம். புரோகிராம் எழுதிப் பழகியவர்கள் யாரும் திரையைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை என்பது இன்னொரு பக்கம்.

உள்ளே போனால் நிறுவனர் படம், சேர்மன் செய்தி, விஷன், மிஷன். நடை சுத்தமாகப் பெயரடைகளால் ஆனது. உலகத்தரம், அதிநவீனம், தலைசிறந்த, முழுமையான. வினைச்சொல் அபூர்வம். யார், என்ன, எப்போது செய்தார்கள் என்ற தகவல் அதைவிட அபூர்வம். ஆனால் சில விஷயங்களில் கறாரான கணக்கு இருக்கிறது. வளாகம் இத்தனை ஏக்கர், கல்லூரி பஸ் இத்தனை, ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரே நேரத்தில் இத்தனை பேர் சாப்பிடலாம், நீச்சல் குளம் இத்தனை மீட்டர். கல்யாண மண்டபம் பார்க்கப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல கையேடு கிடைக்காது.

ஒன்பது புத்தகங்களில் தேடியும் எனக்குக் கிடைக்காத ஒரு பாத்திரம்: ஆசிரியர். இரண்டாம் வருஷம் தெர்மோடைனமிக்ஸ் நடத்தப் போவது யார்? டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் யார்? அவர் அங்கே எத்தனை வருஷமாக இருக்கிறார்? 'அனுபவம் வாய்ந்த பேராசிரியர்கள்' என்று ஒரு வரி, டை கட்டின ஒரு குரூப் போட்டோ, அவ்வளவுதான். கதாநாயகனே வராத நாவல் இது. கட்டடம் பிரமாதமாக நடித்திருக்கிறது.

கிளைமாக்ஸ், பிளேஸ்மென்ட் பக்கம். இங்கேதான் நீங்கள் பேனாவை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மேலே ஒரு பையன் முகம், பக்கத்தில் '40 லட்சம்'. அது பொய் என்று நான் சொல்லவில்லை. அநேகமாக நிஜம்தான். அந்தப் பையனை எந்தக் கல்லூரியில் போட்டிருந்தாலும் அவன் அதை வாங்கியிருப்பான் என்பதும் அநேகமாக நிஜம். கீழே 'சராசரிச் சம்பளம் 7 லட்சம்' என்று இருக்கும். பத்துப் பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது பேருக்கு மூன்றரை லட்சம், ஒருவருக்கு 40 லட்சம். கூட்டி வகுத்துப் பாருங்கள், சராசரி 7 லட்சத்து 15 ஆயிரம் வரும். அந்தச் சம்பளத்தை அந்தப் பத்துப் பேரில் ஒருத்தர்கூட வாங்கவில்லை! எல்லோரையும் சம்பளப்படி வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்பவரைக் கேட்டால், மூன்றரை என்பார். அதற்குப் பெயர் மீடியன். உங்கள் பிள்ளை நிற்கப்போவது பெரும்பாலும் அந்த நடுவில்தான். பெரிய ஐ.டி. கம்பெனிகள் கூட்டமாக ஆள் எடுக்கும்போது கொடுக்கிற ஆரம்பச் சம்பளம் மூன்று, மூன்றரை லட்சத்தைப் பிடித்துக்கொண்டு பத்துப் பதினைந்து வருஷமாக அசையாமல் இருந்தது என்பதையும் மனசில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

'நூறு சதவீதம் வேலைவாய்ப்பு' என்பதற்கும் ஒரு உரை தேவைப்படுகிறது. நூறு சதவீதம் எதில்? சேர்ந்தவர்களிலா, அரியர் இல்லாமல் தகுதி பெற்றவர்களிலா, பிளேஸ்மென்ட்டுக்குப் பெயர் கொடுத்தவர்களிலா? ஒரே பெண் நாலு கம்பெனியில் தேறினால் அது நாலு வேலையா, ஒரு வேலையா? இந்தப் பக்கத்தை எழுதியவர் நல்ல எழுத்தாளர். எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இதே கல்லூரி இன்னொரு புத்தகமும் எழுதியிருக்கிறது. அதை யாரும் உங்கள் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி பெற்ற ஒவ்வொரு கல்லூரியும் 'மாண்டேட்டரி டிஸ்க்ளோஷர்' என்று ஒன்றைத் தன் இணையதளத்தில் போட்டாக வேண்டும். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை 2016-லிருந்து வருகிறது. அதில் கலந்துகொள்ளும் கல்லூரிகள் கொடுத்த விவரங்களும் பி.டி.எஃப். கோப்பாகக் கிடைக்கின்றன. படம் கிடையாது, புல்வெளி கிடையாது, வெறும் கட்டம் கட்டமாக அட்டவணை. பார்த்த உடனே தூக்கம் வரும். ஆனால் என் அபிப்பிராயத்தில் இரண்டில் இதுதான் இலக்கியம். மனிதர்கள் இதில்தான் வருகிறார்கள்.

ஒரு அட்டவணையை மட்டும் சொல்கிறேன். குறிப்பிட்ட வருஷத்தில் எத்தனை இடம், எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதில் எத்தனை பேர் நாலே வருஷத்தில் பட்டம் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, அவர்களின் மீடியன் சம்பளம் எவ்வளவு, எத்தனை பேர் மேல்படிப்புக்குப் போனார்கள். எல்லாம் ஒரே வரியில். 300 பேர் சேர்ந்து 170 பேர் முடித்தார்கள் என்று அங்கே இருந்தால், மிச்சம் 130 பேர் எங்கே? புராஸ்பெக்டஸில் அவர்களுக்கு இடமில்லை. அரியர் பேப்பரைச் சுமந்துகொண்டு அண்ணன்மார்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கதை, இந்த ஒரு கழித்தல் கணக்கில்தான் இருக்கிறது.

அண்ணா பல்கலைக்கழகமும் தன் பங்குக்கு ஒரு பட்டியல் வெளியிடுகிறது. இணைப்புக் கல்லூரிகளில் செமஸ்டர் தேர்ச்சி விகிதம். சில கல்லூரிகளின் பெயருக்கு எதிரே ஒற்றை இலக்கம் இருக்கும். எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள், திருத்துவது வெளியாள் என்பதால் இதை ஓரளவு நம்பி ஒப்பிடலாம். தன்னாட்சிக் கல்லூரிகளை இதே கோலால் அளக்க முடியாது. அங்கே கேள்வி கேட்பதும் அவர்களே, மார்க் போடுவதும் அவர்களே. தன்னாட்சி என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை. நல்ல கல்லூரி கையில் அது நல்ல ஆயுதம். பழைய பாடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வைக்கலாம். மோசமான கல்லூரி கையில், தேர்ச்சி விகிதத்தைத் தானே எழுதிக்கொள்ளும் வசதி.

இரண்டாவது புத்தகமும் வேதவாக்கு இல்லை. சொல்லிவிடுகிறேன். அதில் இருப்பதும் கல்லூரி தானே எழுதிக் கொடுத்ததுதான். 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள் இருநூறுக்கும் மேற்பட்டவற்றில், ஒரே ஆசிரியர் ஒரே சமயத்தில் பல கல்லூரிகளில் முழுநேர வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டியிருக்கிறார்கள் என்று. காலையில் ஸ்ரீபெரும்புதூர், அதே காலையில் கோயம்புத்தூர். முருகன் ஆறு படை வீட்டில் இருக்கலாம், மெக்கானிக்கல் புரொபசர் எப்படி இருக்க முடியும்? 2025 பிப்ரவரியில், கல்லூரிகளுக்கு ஏ பிளஸ் பிளஸ் மாதிரி கிரேடு கொடுக்கிற 'நாக்' அமைப்பின் ஆய்வுக் குழுவில் இருந்த சிலரையே லஞ்ச வழக்கில் சி.பி.ஐ. கைது செய்தது. அதனால் அட்டையில் பொன்னெழுத்தில் போட்டிருக்கும் கிரேடைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

சரி, அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரியா, நிகர்நிலைப் பல்கலைக்கழகமா? பெற்றோர்கள் கேட்கிற அடுத்த கேள்வி இதுதான். 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. 2000-க்குப் பிறகு அவற்றில் பெரியவை சில நிகர்நிலை அந்தஸ்து வாங்கிக்கொண்டு தனிக்குடித்தனம் போயின. 2010-ல் மத்திய அரசு, நாடு முழுக்க 44 நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் அந்தஸ்தைப் பறிக்கப் போவதாக சுப்ரீம் கோர்ட்டில் சொன்னபோது மாணவர்கள் பதறிய பதற்றம் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். அவற்றில் பல இன்றும் ஜாம் ஜாமென்று நடக்கின்றன. 2017-ல் அதே கோர்ட், இவர்கள் பெயருக்குப் பின்னால் 'யூனிவர்சிட்டி' என்று வெறுமனே போட்டுக்கொள்ளக் கூடாது என்றது. அதிலிருந்துதான் அடைப்புக்குறிக்குள் 'டீம்டு டு பி யூனிவர்சிட்டி' வந்தது. அந்த அடைப்புக்குறியின் எழுத்து அளவைக் கவனித்தீர்களா? சிகரெட் பெட்டியில் புற்றுநோய் எச்சரிக்கைகூட இதைவிடப் பெரிசு.

இவற்றில் உண்மையிலேயே நல்லவை உண்டு. ஆராய்ச்சி நடக்கிறது, வெளிமாநிலப் பிள்ளைகளோடு பழகலாம், பாடத்தை வருஷா வருஷம் மாற்றுகிறார்கள். ஆனால் விலை என்று ஒன்று இருக்கிறதே. 2017-ல் தமிழ்நாட்டுக் கட்டண நிர்ணயக் குழு, சுயநிதிக் கல்லூரியின் கவுன்சலிங் இடத்துக்கு வருஷம் 50 ஆயிரம், அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் 55 ஆயிரம் என்று வைத்தது. நிகர்நிலையில் அதைப் போலப் பல மடங்கு. கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும் என்றால், அந்த மீடியன் சம்பளத்தையும் மாதத் தவணையையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கிண்டி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., திருச்சி என்.ஐ.டி. மாதிரி இடம் கிடைத்தால் இந்தக் கட்டுரையை மடித்து வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிடலாம். 1794-ல் ஒரு சர்வே பள்ளியாகத் தொடங்கின கிண்டிக்குப் புல்வெளிப் போட்டோ தேவைப்பட்டதில்லை.

'எந்தக் காலேஜா இருந்தாலும் பரவாயில்லை, கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைச்சாப் போதும்' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடம்தான் என்றிருந்த உச்சவரம்பை 2024-ல் ஏ.ஐ.சி.டி.இ., நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்கு எடுத்துவிட்டது. கம்ப்யூட்டர் சயின்ஸ், அதன் தம்பி தங்கைகளான ஏ.ஐ., டேட்டா சயின்ஸ் எல்லாம் செக்‌ஷன் செக்‌ஷனாக வளர்ந்துவிட்டன. இடத்தை ஒரே உத்தரவில் கூட்டிவிடலாம். நடத்த ஆள்? அல்காரிதம் தெரிந்தவர் அந்தச் சம்பளத்துக்குக் கல்லூரிக்கு ஏன் வரப்போகிறார்? பத்து செக்‌ஷனில் கடைசி செக்‌ஷனில் சேர்வதைவிட, நல்ல கல்லூரியில் எலெக்ட்ரிகலோ சிவிலோ படித்துக்கொண்டு புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்வது மேல் என்பது என் கட்சி. நீங்கள் மறுக்கலாம்.

2017 வரை கவுன்சலிங்குக்கு கிண்டிக்கே போய், மானிட்டரைப் பார்த்து, சில நிமிஷத்தில் முடிவு பண்ண வேண்டும். 2018-லிருந்து ஆன்லைன். நிதானமாக யோசிக்க நாள் கணக்கில் அவகாசம் இருக்கிறது. எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் வரிசையாகக் கொடுக்கலாம். மேலிருந்து கீழாகத்தான் பார்ப்பார்கள். 'நமக்கெங்கே கிடைக்கப் போகுது' என்று பிடித்த கல்லூரியைக் கீழே தள்ளாதீர்கள். மேலே போட்டதால் நஷ்டம் ஒன்றுமில்லை.

அப்புறம், இரண்டாவது புத்தகத்தில் ஆசிரியர் பட்டியல் என்று ஒன்று வரும். அதில் 'சேர்ந்த தேதி' என்ற பத்தியை மட்டும் விரலை வைத்து மேலிருந்து கீழே ஓட்டுங்கள். முக்கால்வாசிப் பேர் போன ஜூனில் சேர்ந்தவர்கள் என்றால், அடுத்த ஜூனில் யார் இருப்பார்கள்? அந்தத் தாளைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஒரு வேலை நாளில், மத்தியானம் மூன்று மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் கல்லூரிக்குப் போங்கள். பட்டியலில் இருக்கும் நாலு பெயரைச் சொல்லி, அவங்களைப் பார்க்கணும் என்று கேளுங்கள். கான்டீனில் மூன்றாம் வருஷப் பையன் யாராவது இருந்தால் அவனையும் கேளுங்கள். வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்தி, அட்மிஷன் ஆபீசுக்கு மட்டும்தான் போகலாம் என்று சொன்னால், அதையும் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.