சொந்த வீடும் பிறர் நிலமும்
நைபாலின் ‘திருவாளர் பிஸ்வாசுக்கு ஒரு வீடு’ பற்றிய ஓர் ஆய்வு

ஆங்கில நாவல்களிலே வீடு பெரும்பாலும் கதை நிகழும் களமாக நிற்குமேயன்றிக் கதைப்பொருளாக அமைதல் அரிது. மாந்தர் காதலிப்பர், பகைப்பர், இறப்பர். அவற்றுக்குக் கூரையாக வீடு இருக்கும். அக்கூரைக்கு எவ்வளவு பணம் சென்றது, எவரிடத்திற் கடன் பெறப்பட்டது, மழைக்கு எங்கே ஒழுகிற்று என்பனவற்றை நாவலாசிரியர் கணக்கிடுவதில்லை. அக்கணக்கையே கதையாக எழுதியவர் திரினிடாட்டில் 1932 இற் பிறந்த வி. எஸ். நைபால். அவருடைய ‘திருவாளர் பிஸ்வாசுக்கு ஒரு வீடு’ என்னும் நாவல் 1961 இல் இலண்டனில் வெளிவந்தது. 2001 இல் நோபல் பரிசு பெற்று, 2018 இல் அவர் மறையும்வரை எழுதிய நூல்கள் பல. எனினும், தம் நூல்களுள் தமக்கு மிக அணித்தானது இதுவே என அவர் 1983 ஆம் ஆண்டு முன்னுரையொன்றிற் குறித்துள்ளார்.

நூலின் தொடக்கமே ஒரு கடன் கணக்கு. மோகன் பிஸ்வாஸ் நாற்பத்தாறு வயதினர். நான்கு மக்களின் தந்தை. போர்ட் ஒவ் ஸ்பெயின் நகரிற் பத்திரிகை நிருபர். இறப்பதற்குப் பத்து வாரங்களுக்கு முன் நோய் காரணமாக வேலையிழக்கிறார். சிக்கிம் தெருவில் உள்ள வீட்டின்மேல் 3,000 டொலர் கடன் நான்கு ஆண்டுகளாக நிற்கிறது. வட்டி நூற்றுக்கு எட்டு வீதம், அஃதாவது மாதம் 20 டொலர். நிலவாடகை 10 டொலர். கதைத்தலைவன் இறக்கப்போகிறான், கடனோடு இறக்கப்போகிறான் என்னும் இரண்டையும் முன்னுரைப் பகுதியிலேயே கூறிவிடுவதால், முடிவு யாதாகுமோ என்னும் ஆவலை ஆசிரியர் தாமே அறுத்துவிடுகிறார். எஞ்சுவது ஒரே வினா: இத்துணை இடர்ப்பட்டு இவ்வீட்டை ஒருவன் ஏன் வாங்கினான்?

அவ்வினாவுக்கு விடையாக நாற்பத்தாறு ஆண்டு வாழ்வும் வீடு வீடாக விரிகின்றது. பிஸ்வாஸ் கால் முன்னாகவும் ஆறு விரலுடனும் பிறந்த குழந்தை. நீர்நிலையை அணுகலாகாதெனப் பண்டிதர் விலக்குகிறார். அவனைத் தேடிக் குளத்தில் மூழ்கிய தந்தை இறந்துபட, பிறந்த குடிசையும் நிலமும் விலையாகின்றன. பின்னர் அந்நிலத்தில் எண்ணெய் கண்டெடுக்கப்பட்டது என ஆசிரியர் போகிற போக்கிற் கூறிச் செல்வது, நூலிலுள்ள கொடிய நகைச்சுவைகளுள் ஒன்று. அதன்பின் உறவினர் வீட்டுப் புறக்கடை, பண்டிதர் இல்லம், மதுக்கடை எனச் சில இடங்கள் கழிகின்றன. விளம்பரப் பலகை எழுதும் தொழிலாளியாக அருவாக்காஸ் ஊரின் அனுமான் இல்லத்துக்குச் சென்றவன், அவ்வீட்டுப் பெண் ஷாமாவுக்கு ஒரு துண்டுக் கடிதம் கொடுத்த குற்றத்திற்காகத் துல்சி குடும்பத்து மருமகனாகிவிடுகிறான். ‘குற்றத்திற்காக’ என்பது மிகையன்று. திருமணம் அவனுக்குத் தண்டனையாகவே வாய்க்கிறது.

இதன்மேல் நிகழும் குடிபெயர்வுகளைத் தொகுத்து நோக்கின், திறனாய்வாளர் பலர் போதிய அளவு வற்புறுத்தாத உண்மையொன்று புலனாகும். ‘சேஸ்’ என்னும் இடத்தில் ஆறாண்டு நடத்திய கடை துல்சி குடும்பத்தின் உடைமை. ‘கிரீன் வேல்’ கரும்புத் தோட்டமும் அவர்களதே. நகரில் முதலிற் குடியிருந்த வீடும், ‘ஷோட்ஹில்ஸ்’ மலைத் தோட்டமும் அவ்வாறே. பிஸ்வாஸ் தன் கையாற் கட்டுவித்த வீடுகள் இரண்டு. இரண்டும் மாமியார் குடும்பத்து நிலத்தில் எழுந்தவை. இரண்டும் தீயை அறிந்தவை. நிலைத்தது, பிறனொருவன் கட்டியதை விலைகொடுத்து வாங்கிய மூன்றாவது வீடே. கட்டுதல் உயர்ந்தது, வாங்குதல் தாழ்ந்தது என்னும் பொதுவான எண்ணத்தை நாவல் தலைகீழாக்குகிறது. நிலம் பிறர்க்குரியதாயின் கட்டுபவன் உழைப்பு அந்நிலத்தாரின் தயவில் நிற்கும். அத்தயவு நீங்க வேண்டுமாயின், கோணலான வீடாயினும் வேறு நிலத்தில் இருத்தல் வேண்டும். சிக்கிம் தெருவிலும் நிலம் அவனதன்று என்பது உண்மை. ஆனால் அங்கே செலுத்தப்படுவது வாடகை, நன்றிக்கடனன்று.

கிரீன் வேல் பகுதி இந்நூலின் உயிர்நிலை எனலாம். அங்குள்ள தொழிலாளர் குடியிருப்பு, ஒரு நீண்ட அறையைப் பன்னிரண்டாகத் தடுத்துப் பன்னிரண்டு குடும்பங்களுக்கு அளித்த கட்டடம்; இலங்கையின் தேயிலைத் தோட்ட லயங்களைக் கண்டவர்க்கு அதனை விளக்க வேண்டுவதில்லை. 1845 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாகத் திரினிடாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியர் ஏறக்குறைய 1,44,000 பேர். பெரும்பாலோர் கல்கத்தாத் துறைமுகத்திற் கப்பலேறியவர், சென்னையிலிருந்து சென்றோரும் உளர். அவர்களுக்குத் தோட்டத்துரைமார் அமைத்த உறைவிடத்தின் எச்சமே இக்கட்டடம். அதன் ஓர் அறையிற் சுவரெங்கும் ஒட்டிய பழைய செய்தித்தாளைப் படித்தபடி கிடக்கும் பிஸ்வாஸ், கையிற் போதிய பணமின்றியே வீடு கட்டத் தொடங்குகிறான். தச்சர் மக்லீன் நயமாகப் பேசிப் பேசி ஒவ்வொன்றாகக் குறைக்கிறார்: கூரை மரத்துக்கு மரக்கிளை, கூரைக்குப் பழைய தகரம், தகரத்தின் துளைகளை அடைக்கத் தார். வெயிலில் உருகிய தார் துளைவழியே இறங்கிக் கரும்பாம்புகளாகத் தொங்குகிறது. உள்ளம் ஏற்கெனவே கலங்கியிருக்கும் பிஸ்வாஸ், முடியாத அவ்வீட்டின் ஓர் அறையில் மகன் ஆனந்துடன் தங்கியிருக்கும் இரவில் வீசிய புயல், கூரையையும் அவன் அறிவையும் ஒருங்கே பெயர்த்துவிடுகிறது. எஞ்சிய பகுதியைத் தோட்டத் தொழிலாளர் பின்னர் எரித்துவிடுகின்றனர்.

இங்கே நைபாலின் ஆற்றல் யாதெனின், மனநோயைப் பற்றிப் பேசாமலே தகரத்தையும் தாரையும் பற்றிப் பேசி அதனைக் காட்டுவதாகும். வீட்டின் குறை ஒவ்வொன்றும் ஒரு பணக்குறை. பணக்குறை ஒவ்வொன்றும் உள்ளத்தில் ஒரு விரிசல். உவமை கூறி விளக்கவேண்டிய இடத்தில் விலை கூறி விளக்கும் இம்முறை எளிதிற் கைவருவதன்று. ஷோட்ஹில்ஸ் பகுதி இத்துணைச் செறிவுடையதன்று. துல்சி குடும்பத்தார் அத்தோட்டத்தைப் பாழாக்கும் வரலாறு சுவையானதெனினும் நீண்டுவிடுகிறது. பிஸ்வாஸ் தன் இரண்டாம் வீட்டைச் சூழ்ந்த புதரை எரிக்கத் தானே மூட்டிய தீ, அவ்வீட்டையும் நெருங்கிவிடும் இடத்திலேதான் கதை மீண்டும் தன் தடத்தைப் பற்றுகின்றது.

சிக்கிம் தெரு வீட்டை வாங்கிய முறை, வீடு வாங்குவோர் யாவர்க்கும் எச்சரிக்கையாகத்தக்கது. விற்பவர் ஒரு சட்டத்தரணியின் லிகிதர். ஓய்வு நேரத்திற் பழைய பொருள்களைக் கொண்டு வீடு கட்டி விற்பவர். பிஸ்வாஸ் அதனைப் பார்க்கச் செல்வது ஒரு மழை நாளில். திரைச்சீலையும் மெருகிட்ட கதிரைகளும் உபசாரமும் அவன் கண்ணை மறைக்கின்றன. 5,500 டொலருக்குப் பேச்சு முடிகிறது. பெரிய தாயார் கணவராகிய அஜோதாவிடம் கடன் பெறப்படுகிறது. குடிபுகுந்த பின்னரே மாடிப்படி வீட்டின் பின்புறத்திற் பிற்சேர்க்கைபோலத் தொங்குவதும், சில சாளரங்கள் மூடாமையும், ஒரு கதவு திறவாமையும், மாலை வெயில் மாடியைச் சுட்டெரிப்பதும் தெரியவருகின்றன. ஆயினும் சில நாளில் வண்ணம் பூசப்படுகிறது, திரை தொங்குகிறது, தோட்டத்தில் மரம் நடப்படுகிறது. பார்க்க வந்த உறவினர் அவ்வீட்டைக் கண்டு வியந்து செல்கின்றனர். லிகிதர் தன்னை ஏமாற்றிய அதே முறையாற் பிஸ்வாசும் பிறரை ஏமாற்றுகிறான் என்பதை நைபால் விளக்கிச் சொல்வதில்லை. வாசகர் உணர விட்டுவிடுகிறார்.

இவ்வீடு பிஸ்வாசின் வெற்றியா, தோல்வியா என்பதிற் கருத்து வேற்றுமை உண்டு. அடிமைப்பட்ட நாட்டின் விடுதலை வேட்கைக்கு அஃது ஒரு குறியீடு எனக் கொள்வோர் பலர். வேர் அறுந்து கடல் கடந்த ஒரு சமூகத்தின் கதை இதில் உண்டென்பதை மறுத்தற்கில்லை. ஆயின், வீட்டைக் குறியீடாக மட்டும் கொள்வோர் அதன் மாதவட்டியை மறந்துவிடுகின்றனர். குறியீட்டுக்கு நூற்றுக்கு எட்டு வீத வட்டி இல்லை. பிஸ்வாஸ் விரும்பியது விடுதலை என்னும் பெருஞ்சொல்லையன்று. தான் இறந்தால் தன் பிணம் பிறர் வீட்டிலிருந்து எடுக்கப்படலாகாது என்பதையே. இச்சிறிய விருப்பத்தைச் சிறிதாகவே வைத்து, அதற்கு அறுநூறு பக்கத்தளவு மதிப்பளித்தமையே நாவலின் பெருமை.

துல்சி குடும்பத்தின்பால் நாவல் நடுவுநிலை பூண்டதா என்பது வேறு வினா. வட இந்திய இந்து மரபில் மணமகள் கணவன் இல்லம் புகுவாள். அனுமான் இல்லத்திலோ மருமக்கள் மாமியார் வீட்டிற் புகுந்து, உண்டு, உழைத்து, அடங்கி வாழ்கின்றனர். பிஸ்வாசின் மான உணர்ச்சி இத்தலைகீழ் மாற்றத்திற் பிறந்தது. தேசவழமையின்படி சீதன வீடும் வளவும் மகளுக்கே உறுதி எழுதப்பட, கணவன் மனைவி வீட்டிற் குடியிருத்தல் இயல்பாகிய யாழ்ப்பாணத்து வாசகருக்கு அச்சினத்தின் ஒரு பகுதி சற்று விந்தையாகவே தோன்றும். இங்கே சீதன வீடு தம்பதியர்க்குத் தனிக்குடியாகும். அங்கே அஃது ஒரு படைவீடு. அவ்வேறுபாட்டை மனங்கொண்டாலன்றிப் பிஸ்வாசின் வாய்த்துடுக்கு வெறும் நன்றிகேடாகவே படும். ஓரளவு நன்றிகேடுந்தான், விழுந்தபோதெல்லாம் அவனைத் தாங்கியது அந்தக் கூட்டுக்குடும்பமே. புயலுக்குப்பின் அறிவிழந்தவனைத் தூக்கிச் சென்று உணவூட்டியது அனுமான் இல்லம். நாவல் இதனைக் காட்டுகின்றது. ஆனால் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை.

ஷாமாவின் நிலையில் இக்குறை மிகுதி. ஒரு கிறிஸ்துமஸ் விழாவின்போது பிஸ்வாஸ் தன் கைப்பணம் முழுவதையும் கொடுத்து மகள் சாவிக்கு ஒரு பொம்மை வீடு வாங்கிவருகிறான். மற்றக் குழந்தைகளுக்கு யாதுமில்லை. தமக்கை தங்கையரின் மனக்கொதிப்பைத் தணிக்க ஷாமா அப்பொம்மை வீட்டைத் தானே உடைத்துவிடுகிறாள். பிஸ்வாசின் சினம் விரிவாகச் சொல்லப்படுகிறது. ஒரே கூரையின்கீழ் இத்தனை பெண்களோடு நாள்தோறும் அடுப்பைப் பகிரவேண்டியவளுக்கு வேறு வழி யாதிருந்தது என்பதை ஆசிரியர் ஓரிரு கீற்றாலேயே உணர்த்துகிறார். வீடு மாறும்தோறும் பானை சட்டியைக் கட்டி அவிழ்த்தவள் அவளே; வரவு செலவுக் கணக்கை எழுதியவளும் அவளே. கணவன் வேலையிழந்த செய்தியைக் கேட்டு, உருளைக்கிழங்கு வாங்கி விற்றால் இறாத்தலுக்கு இவ்வளவு மிஞ்சும் எனக் கணக்கிடத் தொடங்குகிறாள்; தாய்வீட்டுக்குச் செல்வோம் என்னும் பேச்சு அவள் வாயில் எழவில்லை. சொந்த வீடு வந்தபின் அவளது பற்று தாயிடமிருந்து கணவன் மக்கள்பாற் பெயர்ந்தது என்றும், அஃது வீடு பெற்றதற்கு ஏறக்குறைய நிகரான வெற்றியாகப் பிஸ்வாசுக்குத் தோன்றிற்று என்றும் நைபால் எழுதுகிறார். யாருடைய வெற்றி என்பதைக் கவனிக்க வேண்டும். ஷாமா எதை இழந்து எதைப் பெற்றாள் என்பது அவள் வாய்மொழியாக வருவதேயில்லை.

இதற்குக் காரணம் நூலின் தோற்றுவாயிலேயே உள்ளது. நைபாலின் தந்தை சீபர்சாத், ‘திரினிடாட் கார்டியன்’ இதழின் நிருபர். 1943 இற் சிறுகதைத் தொகுதியொன்று வெளியிட்டவர். போர்ட் ஒவ் ஸ்பெயினில் நேபாள் தெருவில் வீடு வாங்கியவர். மகன் இங்கிலாந்திலிருக்கையில் 1953 இல் இறந்தவர். நேபாள் தெருவே நாவலிற் சிக்கிம் தெருவாயிற்று. சாகுவானாஸ் ஊரிலுள்ள தாய்வழிப் பாட்டனாரின் சிங்க இல்லமே அனுமான் இல்லமாயிற்று. தந்தையின் ஈமக்கடனுக்கு வராத மகன், எட்டாண்டின்பின் எழுதிய நூல் இது. தந்தையின் கண்வழியே வீட்டை நோக்குதல் அவனுக்கு இயல்பு. தாயின் கண்வழியே நோக்க வேறொரு நூல் வேண்டியிருந்திருக்கும்.

வீடுகள் மாறினும் மாறாமல் உடன்வந்தவை தட்டுமுட்டுப் பொருள்கள். மணமான புதிதில் வாங்கிய வெள்ளைநிறச் சமையல் அலுமாரி, கொக்கி உடைந்த தொப்பித்தாங்கி, உதவிபெற்ற ஏழையொருவன் நன்றியாகக் குறைந்த விலைக்குக் கொடுத்த உணவு மேசை, ஷாமாவை மகிழ்விக்க வாங்கி இன்னும் வெறுமையாகவே நிற்கும் கண்ணாடி அலுமாரி ஆகியவை ஒவ்வொரு பெயர்விலும் வண்டியேறி இறங்குகின்றன. மாடியேறலாகாதென வைத்தியர் விலக்கியதால், மேலே கிடக்கும் தன் கட்டிலிற் படுக்கவும் பிஸ்வாசுக்குக் கடைசியில் இயலவில்லை. வெளிநாடு சென்ற மகள் சாவி திரும்பிவந்து தந்தையினும் மிக்க சம்பளத்தில் வேலை பெறுகிறாள். பிஸ்வாஸ் தன் வீட்டிலேயே இறக்கிறான். துல்சி குடும்பத்துப் பெண்கள் கூட்டமாக வந்து வீட்டை நிரப்புகின்றனர்; பாரம் தாங்குமோ என ஐயுற்ற வீடு தாங்குகிறது. சடங்கு முடிந்ததும் அவர்கள் கலைய, ஷாமாவும் பிள்ளைகளும் காரில் வெறுவீட்டுக்குத் திரும்புகின்றனர். 3,000 டொலர் கடன் தீர்ந்ததென நாவல் கூறவில்லை.