அந்தரத்தில் ஒரு ஊர், அங்கேயும் தீட்டு

'ஸ்டார் டிரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 1993 ஜனவரியில் தொடங்கி 1999 ஜூனில் முடிந்தது. ஏழு ஆண்டுகள், 176 பகுதிகள். அந்தரத்தில் மிதக்கும் ஒரு விண்வெளி நிலையம்தான் கதை நடக்கும் ஊர். 'வெள்ளைக்காரன் ராக்கெட் விட்டு விளையாடுறான், நம்ம பத்திரிகையில அதுக்கென்ன வேலை?'ன்னு தோழர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. நிலம், குளம், கோயில், சுடுகாடு மாதிரி எதிர்காலத்துக்கும் பட்டாதாரர்கள் இருக்கிறார்கள். முந்நூறு நானூறு வருசம் கழித்து யார் கப்பல் ஓட்டுவான், யார் கழிவு அள்ளுவான் என்று இன்றைக்கே எழுதி வைக்கிறார்கள். அந்தப் பத்திரத்தை நாம் படித்துப் பார்க்க வேண்டாமா?

முதலில் அந்த நிலையம் எப்படி வந்தது என்று பார்க்கலாம். பஜோர் என்றொரு கிரகம். கார்டாஸியர்கள் என்ற இன்னொரு கூட்டம் அதைச் சுமார் ஐம்பது ஆண்டுகள் பிடித்து வைத்து, கனிமத்தை எல்லாம் தோண்டிக்கொண்டு போகிறது. அந்தக் கனிமத்தைச் சுத்திகரிக்க, பஜோர் மக்களின் அடிமை உழைப்பிலேயே கட்டியதுதான் இந்த நிலையம். பஜோரியர்கள் ஆயுதம் எடுத்துப் போராடி அவர்களை விரட்டிய பிறகு, பல கிரகங்கள் சேர்ந்த கூட்டமைப்பு ஒன்று நிலையத்தை நிர்வகிக்க வருகிறது. அதன் தலைவர் பெஞ்சமின் சிஸ்கோ. நடித்தவர் ஏவரி புரூக்ஸ், கருப்பர். ஸ்டார் டிரெக் தொடர்களில் கருப்பர் ஒருவர் முதன்மைப் பாத்திரமானது இதுவே முதல் முறை. இதையும் கவனியுங்கள்: இதற்கு முந்தைய இரண்டு தொடர்களின் வெள்ளை நாயகர்கள் வரும்போதே கேப்டன்கள். சிஸ்கோ வருவது ஒரு படி கீழே, கமாண்டராக. கேப்டன் பதவி கிடைக்க மூன்றாவது பருவத்தின் கடைசி வரை, 1995 வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. நம்ம ஆபீஸ்களில் பதவி உயர்வுக் கோப்பு எப்படி நகரும் என்று தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

இந்தத் தொடரில் நம்மை நேராகத் தொடுவது 1996 பிப்ரவரியில் வந்த 'அக்செஷன்' என்ற பகுதி. அதில் சாதி வருகிறது. குறியீடாக அல்ல, சாதியாகவே வருகிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் காணாமல் போன அகோரெம் என்ற பஜோரியக் கவிஞர் திடீரென்று உயிரோடு வந்து நிற்கிறார். தெய்வங்கள் தன்னை அனுப்பியதாகச் சொல்கிறார். ஊரே காலில் விழுகிறது. அவர் சொல்லும் முதல் காரியம்: எல்லோரும் அவரவர் 'டிஜாரா'வுக்குத் திரும்புங்கள். டிஜாரா என்றால் பிறப்பால் வரும் குலத்தொழில். கலைஞர் வீட்டுப் பிள்ளை கலைஞர், உழவர் வீட்டுப் பிள்ளை உழவர். கீரா என்ற பெண், போராளியாக இருந்து அதிகாரியானவர், கலைஞர் குலத்தில் பிறந்தவர். வேலையை விட்டுவிட்டுக் களிமண் பிசைய உட்காருகிறார். கைக்கு வரவில்லை. அப்புறம் ஒரு கொலை. மடத்தில் இருந்த துறவி ஒருவர் 'தீட்டான' டிஜாராவில் பிறந்தவர். விலகிப் போ என்று சொல்லியும் அவர் மறுத்ததால் இன்னொரு துறவி அவரைக் கொன்றுவிடுகிறார். கொன்றவர் எதையும் மறைக்கவில்லை. மதம் சொன்னதைத்தானே செய்தேன் என்ற தெளிவோடு நிற்கிறார்.

இந்த இடம் வரைக்கும் எழுதியவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். சாதியைக் கொண்டு வருபவர் ஒரு கொடுங்கோலன் அல்ல, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்யும் கவிதைகளை எழுதிய மென்மையான கவிஞர். இது சரியான பிடி. எம்.ஏ. தமிழ் படித்த எனக்கு அந்த முகம் பழக்கமான முகம். பொற்காலம், பொற்காலம் என்று வகுப்பில் கேட்டுக்கொண்டே இருப்போம். அதே புறநானூற்றில் 'இழிசினன்' என்ற சொல்லும் 'புலைத்தி' என்ற சொல்லும் வரும். ஆசிரியர் உரை சொல்லிவிட்டு அடுத்த அடிக்குத் தாவிவிடுவார். எங்கள் வகுப்பில் மூன்று பேர் மட்டும் தலை நிமிராமல் உட்கார்ந்திருப்போம். பழம்பெருமை வண்டியில் ஏறி வரும்போது சாதி டிக்கெட் எடுப்பதில்லை. அகோரெம் பாத்திரம் இதைப் பிடித்திருக்கிறது.

கொலை நடந்த பிறகுதான் கதை நம் கையை விட்டு நழுவுகிறது. மூன்று கேள்விகள் எனக்கு.

ஒன்று. டிஜாரா முதலில் எப்படி ஒழிந்தது? அந்நியரை எதிர்த்துப் போராட எல்லோரும் வீரராக வேண்டியிருந்தது, அதனால் மக்கள் சாதியை விட்டுவிட்டார்கள் என்கிறது தொடர். நடக்கக்கூடியதா இது? நம் நாட்டிலும் அந்நியர் ஆண்டார்கள், போராட்டம் நடந்தது, சிறைக்கும் போனார்கள். சாதி போனதா? சிறைக்குள்ளும் தனிப்பந்தி கேட்டவர்கள் உண்டு. சாதியில் லாபம் அடைபவன் அதை ஏன் விட வேண்டும் என்ற கேள்வியைத் தொடர் கேட்பதே இல்லை. பஜோரில் யாருக்கும் டிஜாராவால் நிலம் கிடைத்ததாகவோ கூலி மிச்சமானதாகவோ தெரியவில்லை. அது வெறும் பழக்கம், மறந்துபோன பூசை மாதிரி. அதனால்தான் ஒரே வாரத்தில் திரும்பி வருகிறது, அதே வாரத்தில் போயும்விடுகிறது.

இரண்டு. முடிவு எப்படி வருகிறது? சிஸ்கோவும் கவிஞரும் தெய்வங்களிடமே நியாயம் கேட்கப் போகிறார்கள். தெய்வங்கள் சிஸ்கோ பக்கம் தீர்ப்புச் சொல்கின்றன. அவர் தன் பொறுப்பை உணர வேண்டும் என்பதற்காகத்தான் கவிஞரை அனுப்பினார்களாம். ஆக, கேப்டனுக்குப் பாடம் நடத்த ஒரு கொலை. சாதி ஒழிப்பு மேலேயிருந்து வரும் உத்தரவு. தீட்டுப் பட்டவர்கள் கூடிப் பேசியதாகவோ ஒரு கல்லை எடுத்து எறிந்ததாகவோ ஒரு காட்சிகூட இல்லை.

மூன்றாவது கேள்வியை நான் கேட்கவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில், ஒன்பதாவது பத்தாவது படிக்கும் பிள்ளைகளுக்கு மடிக்கணினியில் இந்தப் பகுதியைப் போட்டுக் காட்டி, வசனத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். முடிந்ததும் ஒரு பெண் கேட்டாள்: "யக்கா, செத்தவரு எங்கக்கா பேசுனாரு? அவரு வீட்டுல யாருமே அழுவலையே?" இன்னொரு பையன், "கொன்னவனத்தான்டி காட்டுவாய்ங்க, செத்தவன எவன் காட்டுவான்" என்றான். இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை எந்தப் பேராசிரியரும் எழுதிவிட முடியாது. அந்தப் பகுதியில் சாதியால் துன்பப்படுவதாக நாம் பார்ப்பது கீராவை. அவர் தாழ்ந்த குலம் அல்ல. பிடிக்காத கலையைச் செய்ய வேண்டியிருக்கிறதே என்பது அவர் துன்பம். கொல்லப்பட்டவரின் துன்பத்துக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை.

ஒரு விசயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சாதிப் பாகுபாடு கூட்டமைப்பின் சாசனத்துக்கு எதிரானது, டிஜாராவுக்குத் திரும்பினால் பஜோரைக் கூட்டமைப்பில் சேர்க்க மாட்டார்கள் என்று சிஸ்கோ எச்சரிக்கிறார். இது 1996இல் ஒளிபரப்பான வசனம். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2001இல், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாடு நடந்தது. சாதியையும் அங்கே பேச வேண்டும் என்று தலித் இயக்கங்கள் போய் நின்றன. சாதி வேறு இனம் வேறு, இது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்று இந்திய அரசு மறித்தது. கற்பனைக் கூட்டமைப்புக்கு இருந்த துணிச்சல் பூமியில் இருந்த அரசுகளுக்கு இல்லை.

'அக்செஷன்' வருவதற்கு முந்தைய வாரம் வந்த பகுதி 'பார் அசோசியேஷன்'. நிலையத்தில் குவார்க் என்பவர் மதுக்கடை நடத்துகிறார். தொழிலாளிக்கு நோய் விடுப்புகூட இல்லை. அவர் தம்பி ரோம் அங்கேயே வேலைக்காரன். பொறுக்க முடியாமல் சங்கம் வைத்து வேலைநிறுத்தம் செய்கிறான். கோரிக்கைகள் கிடைக்கின்றன, ஆனால் சங்கத்தை வெளிப்பார்வைக்குக் கலைத்துவிட வேண்டும் என்று சமரசம் ஆகிறது. பிறகு ரோம் நிலையத்தின் பராமரிப்பு வேலைக்குப் போகிறான். கிடைத்தது கழிவு அகற்றும் பிரிவு, இரவு முறை. தொடரில் அது சிரிப்புக்காக வைத்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்து இந்தியாவில் சட்டம் வந்தது 1993இல், இந்தத் தொடர் தொடங்கிய அதே ஆண்டு. அது போதவில்லை என்று 2013இல் இன்னொரு சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் நம் பிள்ளைகள் சாக்கடைக் குழிக்குள் இறங்கிச் செத்தார்கள். ஆனாலும் ரோமுக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவன் அந்த வேலையிலிருந்து மேலே வருகிறான். கழிவைத் தொட்ட கை என்று யாரும் அவனை ஒதுக்கி உட்கார வைக்கவில்லை. கழிவு வேலை இருக்கிறது, தீட்டு இல்லை. இதுதான் இந்தத் தொடர் தன்னை அறியாமல் காட்டிய நல்ல எதிர்காலம்.

விண்வெளி நிலையம் என்பது வெறும் கற்பனையும் அல்ல. 2000 நவம்பரிலிருந்து சர்வதேச விண்வெளி நிலையத்தில் மனிதர்கள் தொடர்ந்து வாழ்ந்து வருகிறார்கள். அங்கே தனிக்கிணறு கிடையாது. இருப்பவர்களின் சிறுநீர், வேர்வை, மூச்சில் வரும் ஈரம் எல்லாவற்றையும் சேர்த்துச் சுத்திகரித்து எல்லோருக்கும் குடிநீராகத் தருகிறார்கள். 98 சதவீதத் தண்ணீரை இப்படி மீட்க முடிந்தது என்று நாசா 2023இல் அறிவித்தது. அங்கே தீட்டுப் பார்த்தால் தாகத்தில் சாக வேண்டியதுதான்.

அந்த அறிவிப்புக்கு ஆறு மாதம் முன்புதான், 2022 டிசம்பர் கடைசியில், எங்கள் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலந்திருந்தது தெரியவந்தது. பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் விழுந்த பிறகுதான் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியர் முன்னால் இரட்டைக்குவளையும் கோயில் நுழைவு மறுப்பும் சேர்ந்தே வெளியே வந்தன. ஆட்சியரே மக்களைக் கோயிலுக்குள் அழைத்துப் போனார். அது நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு நடந்ததும் ஒரு கேப்டன் கதைதான். கேப்டன் ஜீப்பில் ஏறிப் போன பிறகு? வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. இரண்டு ஆண்டு கழித்து, 2025 ஜனவரியில், வேங்கைவயல் தலித்துகள் மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கலானது. எங்க பிள்ளைங்க குடிக்கிற தண்ணியில நாங்களே கலப்போமா என்று அந்தச் சனங்க கேட்டார்கள். எழுதிக்கொடுக்கும் தெய்வங்கள் எப்போதும் சிஸ்கோ பக்கம் நிற்பதில்லை.

தொடரின் ஆகச் சிறந்த பகுதி 1998 பிப்ரவரியில் வந்த 'ஃபார் பியாண்ட் தி ஸ்டார்ஸ்'. இயக்கியதும் ஏவரி புரூக்ஸ்தான். சிஸ்கோவுக்கு ஒரு காட்சி தோன்றுகிறது: அவர் 1950களின் நியூயார்க்கில் பென்னி ரஸ்ஸல் என்ற கருப்பு எழுத்தாளர். அறிவியல் கதைப் பத்திரிகையில் வேலை. எழுத்தாளர்களைப் படம் எடுக்கும் நாளில் அவரையும் ஒரு பெண் எழுத்தாளரையும் வராதே என்று ஆசிரியர் சொல்லிவிடுகிறார். வாசகர்களுக்குத் தெரியக் கூடாதல்லவா. கருப்புக் கேப்டன் ஆளும் விண்வெளி நிலையத்தைப் பற்றி பென்னி கதை எழுதுகிறார். நல்ல கதை, ஆனால் நடக்காது என்கிறார் ஆசிரியர். கடைசியில் ஒரு யோசனை: எல்லாம் ஒரு ஏழையின் கனவு என்று முடித்துவிட்டால் போடலாம். பென்னி இறங்கி வருகிறார். அப்படியும் முதலாளி அந்த மாத இதழ் முழுவதையும் கூழாக்கிவிட்டு பென்னியையும் வேலையை விட்டு அனுப்புகிறார்.

இது கற்பனை மட்டும் அல்ல. சாமுவேல் டிலேனி என்ற கருப்பு எழுத்தாளர் 'நோவா' நாவலை 1967இல் ஒரு பெரிய அறிவியல் கதைப் பத்திரிகைக்கு அனுப்பினார். கருப்பு நாயகனை எங்கள் வாசகர்கள் ஏற்க மாட்டார்கள் என்று அதன் ஆசிரியர் ஜான் கேம்பல் மறுத்ததை டிலேனியே பதிவு செய்திருக்கிறார். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. 1936இல் லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டல் தன் மாநாட்டுக்குத் தலைமை ஏற்க அம்பேத்கரை அழைத்தது. உரையைப் படித்துப் பார்த்துப் பயந்துபோய், சில பகுதிகளை எடுத்துவிடச் சொன்னது. ஒரு காற்புள்ளியையும் மாற்ற மாட்டேன் என்றார். மாநாட்டையே நிறுத்திவிட்டார்கள். அவர் தன் செலவில் 1500 பிரதி அச்சிட்டார். அதுதான் 'சாதி ஒழிப்பு'. பென்னி இறங்கி வந்த இடத்தில் பாபாசாகேப் இறங்கவில்லை. கனவு என்று போட்டால் வெளியிடலாம் என்று இன்றும் சொல்கிறார்கள். என் கதை ஒன்றில் சேரி என்ற சொல்லை மட்டும் மாற்றினால் நன்றாக இருக்கும் என்று ஒரு இதழிலிருந்து கடிதம் வந்தது. பேச்சுமொழியைக் கொச்சை என்று திருத்தி அனுப்பியதும் உண்டு. இதழ் கூழாகவில்லை, சொல் கூழானது. அவ்வளவுதான் வித்தியாசம்.

கருப்பர்கள் இந்தத் தொடரில் செய்தது நமக்குப் பாடம். 1999இல் கடைசிப் பகுதி எடுத்தபோது, கர்ப்பிணி மனைவியை விட்டு சிஸ்கோ ஒரேயடியாகப் போய்விடுவதாக முடிவு. கருப்பு ஆண் குடும்பத்தைக் கைவிடுவான் என்ற பழிக்கு இது தீனி போடும் என்று ஏவரி புரூக்ஸ் எடுத்துச் சொன்னார். திரும்பி வருவேன் என்று சிஸ்கோ சொல்வதாக வசனத்தை மாற்றினார்கள். நடிகன்தானே என்று அவர் சும்மா இருந்துவிடவில்லை.

தமிழில் அறிவியல் கதைகள் எழுபது எண்பதுகளிலிருந்தே வார இதழ்களில் ஓடின. இயந்திர நாய் பேசியது, கணிப்பொறி காதலித்தது. அந்த எதிர்கால நகரத்தில் சேரி என்னவானது? ஒழிந்ததா, ஒழித்தது யார், இல்லை ஊருக்கு வெளியே இன்னும் இருக்கிறதா? கேட்காமலேயே நாமும் படித்தோம். தலித் இலக்கியம் என்றால் நடந்த கொடுமையை எழுதுவது என்று ஒரு வேலியும் போட்டுவிட்டார்கள். நேற்று நம்முடையது, நாளை அவர்களுடையது என்று ஒரு பாகப்பிரிவினை. அதற்கு நாம் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. 1991இல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது கூலிவேலை செய்த ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள், என் அம்மாவும் ஒருவர். பொம்பள சைக்கிள் ஓட்டுறதான்னு தெருவில் நின்று சிரித்தவர்களுக்கு அதுவே விண்வெளிக் கதைதான்.

ஆகவே இளைய தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'அக்செஷன்' கதையில் பேசாமல் செத்துப்போன அந்தத் துறவியை எழுதுங்கள். அவர் எந்தத் தெருவில் பிறந்தார், மடத்துக்குள் எப்படி நுழைந்தார், விலகிப் போ என்றபோது என்ன பதில் சொன்னார், அவர் வீட்டில் யார் அழுதார்கள் என்று எழுதுங்கள். பஜோரில் வைத்தும் எழுதலாம், இறையூரில் வைத்தும் எழுதலாம். எங்கள் மாலை வகுப்பில் ஏழு பிள்ளைகள் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். அந்தப் பெண் தன் கதையில் அவருக்கு ஒரு பெயரும் வைத்துவிட்டாள்.