லைக் வந்தது, ஆள் வரவில்லை

அடுத்த தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கும் அம்மாள், செல்போனை என்னிடம் நீட்டினார். 'சார், இந்த விளம்பரத்துக்கு 1,000 ரூபா கட்டினேன். 200 லைக் வந்துச்சு. மாவு வாங்க ஒரு ஆள் வரலை. கிலோவுக்குப் பத்து ரூபாதான் சார் நிக்கும்.'

அதாவது, 100 கிலோ மாவின் லாபம் போச்சு. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன்.

உள்ளங்கை அகலச் சதுரத்துக்குள் மேலே பிள்ளையார். மஞ்சள் எழுத்தில் சிவப்பு நிழலோடு கடையின் பெயர். 'தரமே எங்கள் தாரக மந்திரம்'. இட்லி, தோசை, ஆப்பம், பணியாரம் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் படம். இரண்டு போன் நம்பர்கள். ஓரத்தில் அவருடைய பாஸ்போர்ட் போட்டோ. கல்யாண ஃப்ளெக்ஸ் பேனரைத் துவைத்ததில் சுருங்கிவிட்டது போல இருந்தது. விலை என்ன, எந்த ஏரியா, எத்தனை மணிக்குக் கிடைக்கும்? மூச்!

அவரைக் குறை சொல்ல முடியாது. நாமெல்லாம் விளம்பரத்தைச் சுவரிலும் பேனரிலும் பார்த்துப் பழகியவர்கள். சிக்னலில் மாட்டிக்கொண்டவன் வேறு வழியில்லாமல் பேனரைப் படிப்பான். போனில் கட்டைவிரல் நிற்காது. மேலே யாரோ வீட்டு வளைகாப்பு, கீழே ஒரு பூனை வீடியோ, நடுவே ஒரு நொடி நம் மாவு. அந்த ஒரு நொடியில் ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல முடியும்.

எந்த விஷயம்? 1958-ல் டேவிட் ஓகில்வி ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு எழுதிய விளம்பரத்தை இன்றைக்கும் பாடமாகச் சொல்கிறார்கள். தலைப்பில் 'உயர்ந்த தரம்' என்று பீற்றிக்கொள்ளவில்லை. 60 மைல் வேகத்தில் காருக்குள் கேட்கிற பெரிய சத்தமே கடிகாரத்தின் சத்தம்தான் என்றார், அவ்வளவுதான். அதுவும் சொந்தச் சரக்கல்ல. ஒரு மோட்டார் பத்திரிகையில் வந்த தகவல். தரம் என்ற வார்த்தை இல்லாமலே தரம் புரிந்துவிட்டது.

'உங்க மாவுல என்ன விசேஷம்?' என்றேன்.

'சோடா உப்பு கிடையாது சார். நேத்து மாவை இன்னிக்கு விக்க மாட்டேன். மிஞ்சினா நாங்களே தோசை ஊத்திப்போம்.'

இதைவிட நல்ல வாசகத்தை எந்த ஏஜென்சி எழுதித் தரும்? அதைத்தான் விளம்பரத்தில் விட்டுவிட்டார்.

இரண்டாவது கோளாறு, விலாசம். 'பூஸ்ட்' பட்டனை அமுக்கியபோது ஊர் என்ற இடத்தில் தமிழ்நாடு முழுவதையும் கொடுத்திருக்கிறார். ஒரு கிலோ மாவுக்காகத் திருநெல்வேலியிலிருந்து யார் ரயிலேறுவார்கள்? கடையைச் சுற்றிச் சில கிலோமீட்டர் என்று வட்டம் போட வசதி இருக்கிறது. தவிர, இந்த இயந்திரம் கேட்டதைக் கொடுக்கும். லைக் வேண்டுமென்றால், கண்டதற்கெல்லாம் லைக் போடுகிறவர்களைத் தேடிப் பிடிக்கும். வாட்ஸப்பில் விசாரிக்கிறவர்கள் வேண்டுமென்றால் அவர்களைத் தேடும். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பர இடத்துக்கு நடக்கிற ஏலத்தில், அதிகப் பணம் கட்டுகிறவர்தான் ஜெயிப்பார் என்றில்லை. பார்க்கிறவர் நாம் விரும்பியதைச் செய்வாரா, விளம்பரம் தரமானதா என்பதும் கணக்கில் சேரும். போரடிக்கிற விளம்பரத்துக்குக் கூடுதல் தண்டம்.

மறுபடி செய்தோம். ஆவி பறக்கும் இட்லி, இரண்டாகப் பிட்டது, ஒரே படம். 'நேற்றைய மாவு இங்கே விற்பதில்லை' என்று ஒரு வரி. விலை, தெருப் பெயர், நேரம், வாட்ஸப் பட்டன். செலவு 300 ரூபாய்.

லைக் 11. மாவு கேட்டவர்கள் 9 பேர். விளம்பரம் அவர்களை ஒருதரம்தான் கூட்டி வரும். மறுதரம் கூட்டி வருவது மாவின் பொறுப்பு.

அம்மாளுக்கு ஒரே ஒரு குறை. 'பிள்ளையாரை எடுத்துட்டீங்களே சார்?'

கிரைண்டர் பக்கத்தில் மாட்டச் சொல்லியிருக்கிறேன்.