பாட்டுடைத் தலைவர்க்கும் ஒரு பங்கு

ஆவணப்படக் கலைஞரைப் போற்றும் 'சினிமா ஐ ஹானர்ஸ்' என்னும் ஆண்டு விருது விழா 2008இல் நியூயார்க் நகரில் தொடங்கியது. இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இசை எனத் தனித்தனியே பரிசளிப்பது அதன் சிறப்பு. எனினும் நம் நெஞ்சைக் கவர்ந்தது பிறிதொன்று. படங்களில் தோன்றிய மெய்யான மாந்தரையும் 'மறக்கவொண்ணாதோர்' எனப் பட்டியலிட்டு அவ்விழா பாராட்டுகிறது; அவர்க்குள் போட்டி வைப்பதில்லை. இது நன்று. துயரத்துக்குத் தரவரிசை ஏது?

ஆயினும் பாராட்டு மட்டும் போதுமா? 2019இல் வெளியான 'ஹனிலேண்ட்' படத்தை நோக்குவோம். வட மாசிடோனியாவின் மலையூர் ஒன்றில் நோயுற்ற தாயுடன் வாழும் துருக்கிய மாது ஹதீஜே, தேனெடுக்கையில் பாதியைத் தேனீக்களுக்கே விட்டுவிடுகிறார். அவர் வாழ்வைப் படமாக்கியோர் தமக்குக் கிடைத்த பரிசுப் பணத்தைக் கொண்டு அவருக்கு வீடு வாங்கித் தந்தனர். தேனீக்களிடம் அவர் காட்டிய நீதி அவரிடமே மீண்டது எனலாம்.

பண்டைப் புலவர் பாட்டுடைத் தலைவனிடம் பரிசில் பெற்றனர். ஆவணப்படத்தின் பாட்டுடைத் தலைவரோ பெரும்பாலும் எளியோர். பரிசில் பெறுபவர் பாடியவரே. ஆகவே, கலைத்திறனை எடைபோடும் நடுவர்கள், பாடப்பட்டவர்க்குரிய பங்கு அவரைச் சேர்ந்ததா என்பதனையும் வினவுதல் வேண்டும் என்பதே நம் கருத்து.